நீர்வழிச் செலவு

செலவு என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. கைப்பொருளைக் கொடுத்தலும் செலவு. ஓரிடம் விட்டு ஓரிடம் போதலும் செலவு. இவ்விரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வரவை அறியாது பொருளைச் செலவிடுவோன் கடன்படுவான். வழியை அறியாது செலவு மேற்கொள்வோன் இடர்ப்படுவான். ஆதலின், புறப்படுமுன் வழியின் இயல்பையும், ஊர்தியின் இயல்பையும், உடன் வருவோரின் இயல்பையும் எண்ணிப் பார்த்தல் அறிவுடையோர் கடமையாகும். இவ்வுண்மையை லவ்டேலில் வாழ்ந்த மாணவி ஒருத்தி கற்றுக்கொண்ட வகையை இப்பாடம் கூறும்.

மாமாவின் கடிதம்

நீலகிரி மலையில், உதகமண்டலத்தை அடுத்து, கடல் மட்டத்திற்கு 2,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது லவ்டேல். ஒருபுறம் தேயிலைத் தோட்டங்கள். ஒருபுறம் தைல மரக் காடு. கீழே பச்சைப் பாய் விரித்தாற்போன்ற கேத்திப் பள்ளத்தாக்கு. மலை இரயிலின் ஊதல் ஒலியே அவ்வூர் மக்களுக்குக் கடிகாரம். அங்கு ஓர் இல்லத்தில், அம்மலை இரயிலில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், தம் மகன், மருமகள், பேர்த்தி ஆகியோருடன் வாழ்ந்துவந்தார். மருமகளின் பிறந்தகம் புதுச்சேரி. அவள் தமையனார், புதுச்சேரித் தமிழர் பலரைப்போலவே, பிரான்சு நாட்டிற் குடியேறித் துலூசு நகரில் மனைவியொடு வாழ்ந்தார்.

ஒருநாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. "கோடை விடுமுறையில் நீங்கள் அனைவரும் இங்கு வருதல் வேண்டும். எழுநாள் படகொன்றை வாடகைக்கு அமர்த்தி, கால்வாய் வழியே நாட்டுப்புறங்களைக் கண்டு வருவோம். செலவுத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பை என் மருமகளுக்கே விடுகின்றேன்" என்று எழுதியிருந்தார்.

ஒன்பதாம் வகுப்பில் பயின்ற பேர்த்தியின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. நிலப்படத்தை விரித்தாள், நூல்களைத் தேடினாள். பிரான்சு நாட்டில் ஆறும் கால்வாயுமாகப் படகு செல்லத்தக்க நீர்வழிகள் ஏறத்தாழ 8,500 கிலோமீட்டர் உள்ளன என அறிந்தாள். அவற்றுள் மாமா வாழும் துலூசு நகரில் தொடங்கி மத்தியதரைக் கடலை அடுத்த தோ என்னும் காயலை அடைவது 'கனால் து மிதி' என்னும் கால்வாய். 'மிதி' என்னும் பிரெஞ்சுச் சொல் நண்பகலையும் தென்திசையையும் குறிக்கும். ஆதலின் அதனைத் தென்திசைக் கால்வாய் எனலாம். அதன் நீளம் 240 கிலோமீட்டர். "எழுநாளில் முழுக் கால்வாயையும் கடந்து கடலைக் காண்போம்!" என்று முடிவு செய்தாள். அன்றிரவே திட்டம் எழுதப்பெற்றது. படகிற் செல்வோர் பட்டியலில் மாமா, மாமி, தந்தை, தாய், தான் என ஐவர் பெயர் இருந்தன. பாட்டனார் பெயர் இல்லை. முழங்கால் நோயுடைய அவரால் இத்துணை விரைந்த செலவிற் கலந்துகொள்ள இயலாது என அவள் எண்ணியிருந்தாள்.

பாட்டனார் கேட்ட கணக்கு

மறுநாள் காலை அத்திட்டத்தைப் பாட்டனார் வாங்கிப் படித்தார். பெயர்ப் பட்டியலையும் படித்தார். அதுபற்றி ஒன்றும் கூறவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, படகு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் செல்லும்?" என வினவினார்.

"அக்கால்வாயில் எட்டுக் கிலோமீட்டருக்கு மேற் செல்லலாகாது என்பது விதி, தாத்தா."

"விரைந்து சென்றால் என்ன?"

"படகு எழுப்பும் அலை மண்கரையை அரித்துவிடுமாம்."

"நல்ல விதி. வளைவுகளையும் எதிரே வரும் படகுகளையும் எண்ணி, ஆறு கிலோமீட்டர் எனவே கொள். 240 கிலோமீட்டருக்கு எத்தனை மணி?"

"நாற்பது மணி."

"வழியில் தடைகள் உளவோ?"

"அறுபதுக்கு மேற்பட்ட லாக்குகள் உள்ளன. சிலவற்றில் இரண்டு மூன்று நீரறைகள் தொடர்ந்திருக்கும். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழத் தொண்ணூறு நீரறைகள்."

"ஒவ்வொன்றிற்கும் கால் மணி நேரம் என்று வை."

அவள் கணக்கிட்டாள். தொண்ணூறு நீரறைகளுக்கு இருபத்திரண்டரை மணி. இரண்டையும் கூட்ட அறுபத்திரண்டரை மணி ஆயிற்று. லாக்குகள் காலை ஒன்பது மணியளவில் திறந்து மாலை ஏழு மணியளவில் அடைக்கப்படும். பல இடங்களில் நண்பகல் உணவிற்காகவும் சிறிது நேரம் மூடியிருக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் படகு செலுத்தினாலும் பத்து நாளிலும் வழி முடியாது. எழுநாளில் முடிக்க வேண்டுமாயின், நாள்தோறும் ஒன்பது மணி நேரம் ஓயாது ஓட்டுதல் வேண்டும். கரையில் இறங்கவோ, ஊரைக் காணவோ, ஒரு மரத்தடியில் அமர்ந்து உண்ணவோ நேரமிராது.

பேர்த்தியின் முகம் வாடிற்று. பாட்டனார் புன்னகையுடன், "வருந்தாதே. நம் மலை இரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை சேர 46 கிலோமீட்டர் தூரத்திற்கு நாலரை மணி நேரத்திற்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதில் வருவோர் யாரேனும் 'ஏன் மெல்லச் செல்கிறது?' என்று சினந்ததுண்டோ? மெல்லச் செல்லும் ஊர்தியில் ஏறியவர், விரைந்து செல்லும் மனத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும்" என்றார்.

படகு மலை ஏறுமோ?

பேர்த்திக்கு வேறோர் ஐயம் எழுந்தது. "தாத்தா, துலூசிலிருந்து புறப்படும் படகு நௌரூசு என்னும் மேட்டிற்கு ஏறி, அங்கிருந்து கடலை நோக்கி இறங்குகிறதாம். நீர் பள்ளத்தை நோக்கியே பாயும் அல்லவா? படகு எவ்வாறு மேடு ஏறும்?"

"கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை நம் இரயில் எவ்வாறு ஏறுகிறது?"

"தண்டவாளங்களின் நடுவே பல்லுடைய தண்டவாளம் உண்டு. பொறியின் பற்சக்கரம் அதனைப் பற்றிப் பற்றி ஏறுகிறது. ஏறத்தாழப் பன்னிரண்டடி சென்றால் ஓரடி உயர்கிறது."

"அதுபோலவே படகும் படிப்படியாக ஏறுகிறது. அப்படியே லாக்கு" என்று கூறிப் பாட்டனார் அதன் அமைப்பை விளக்கினார்.

லாக்கு என்பது இருபுறமும் வலிய கதவுகளையுடைய நீரறை. மேலேறும் படகு தாழ்ந்த கதவின் வழியாக உள்ளே நுழையும். கதவு அடைபடும். மேற்கதவிலுள்ள சிறு மடை திறக்கப்பெறும். மேற்கால்வாயின் நீர் அறைக்குள் இறங்க இறங்க, நீர்மட்டம் உயரும். அதனொடு படகும் உயரும். அறைநீரும் மேற்கால்வாய் நீரும் சமமான பின் மேற்கதவு திறக்கும், படகு வெளியேறும். இறங்கும் படகிற்கு இம்முறையே மாறி நிகழும். ஆளின் தோள்வலியின்றி, நெருப்பின் துணையுமின்றி, நீர் ஒன்றே பல டன் எடையைத் தூக்கி வைக்கும் விந்தை இது.

தென்திசைக் கால்வாயின் லாக்குகளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. முதலிற் கட்டப்பெற்ற நேரான சுவர் மண்ணின் அழுத்தம் தாங்காது சரிந்தது. அதன்பின் சுவர்களை வெளிப்புறம் வளைத்து, முட்டை வடிவில் அறைகளை அமைத்தனர். வளைந்த சுவர் வில்வளைவைப்போல் நின்று மண்ணைத் தாங்குகிறது. தோல்வியைக் கண்டு கலங்காது, அதனின்று பாடம் கற்றவர்க்குக் கிடைத்த பரிசு அவ்வழகிய வடிவம்.

"இதில் நீ கருத வேண்டுவது ஒன்றுண்டு" என்றார் பாட்டனார். "ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் ஓர் அறை நிறைந்த நீர் மேலிருந்து கீழே போய்விடுகிறது. மேட்டின் உச்சியில் இடையறாது நீர் வந்துகொண்டிராவிடில், சில நாட்களில் கால்வாய் வறண்டுவிடும். அந்நீர் எங்கிருந்து வருகிறது?"

பேர்த்திக்கு விடை தெரியவில்லை.

இருகடலுக்கு நடுவே ஒரு மேடு

அவ்வினாவிற்கு விடை கண்டவர் பியேர் போல் ரிக்கே என்பவர். அவர் பெசியே நகரிற் பிறந்தவர். பொறியியல் பயின்றவர் அல்லர். உப்பு வரி தண்டும் அலுவலை மேற்கொண்டிருந்தவர். அட்லாண்டிக் பெருங்கடலையும் மத்தியதரைக் கடலையும் நாட்டினூடே இணைக்க வேண்டும் என்பது அரசர் பலர் கண்ட கனவு. இணைத்தால், ஸ்பெயின் நாட்டைச் சுற்றிச் செல்லும் நெடிய கடற்பயணம் தவிர்க்கப்படும். ஆயின், இடையிலுள்ள மேட்டிற்கு நீர் கொணரும் வழி ஒருவருக்கும் புலப்படவில்லை.

நௌரூசு மேடு 189 மீட்டர் உயரமே உடையது. எனினும் அது நீர்பிரி மேடு. அதன் மேற்கே விழும் மழைத்துளி அட்லாண்டிக்கை நோக்கிச் செல்லும். கிழக்கே விழும் துளி மத்தியதரைக் கடலை நோக்கிச் செல்லும். சற்றுத் தொலைவிலுள்ள கருமலை என்னும் மலைத்தொடரில் சிற்றோடைகள் பல ஓடுவதை ரிக்கே அறிந்திருந்தார். அவ்வோடைகளை வழிமறித்து, கிளைக்கால்களாற் சேர்த்து, நௌரூசு மேட்டிற்குக் கொணர்ந்தால், அங்கிருந்து இருபுறமும் நீரைப் பகிர்ந்தளிக்கலாம் எனக் கண்டார். 1662ஆம் ஆண்டு அமைச்சர் கொல்பேருக்குத் தம் எண்ணத்தை எழுதினார். 1665இல் சிறு சோதனைக்கால் வெட்டி, நீர் வரும் என மெய்ப்பித்துக் காட்டினார். 1666ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னர் ஆணை பிறப்பித்தார்.

கோடையிலும் நீர் குறையாதிருக்கும் பொருட்டுச் சேன் பெரெயோல் என்னுமிடத்தில் பெரிய அணை கட்டப்பெற்றது. வேலை மிகுந்த காலத்தில் பன்னிரண்டாயிரம் பேர் உழைத்தனர். மகளிரும் அவருள் இருந்தனர். மழையால் வேலை நின்ற நாட்களுக்கும் விழா நாட்களுக்கும் ரிக்கே ஊதியம் அளித்தார். அக்காலத்தில் அஃது அரிய செயல். அரசின் பொருள் போதாதபோது தம் கைப்பொருளையும் இட்டார், கடன்பட்டார். 1680ஆம் ஆண்டு, பணி முடியச் சில மாதங்களே எஞ்சியிருந்தபோது உயிர்நீத்தார். 1681இல் கால்வாய் திறக்கப்பெற்றபோது அதிற் சென்ற முதற் படகுகளைக் காண அவர் இல்லை. வெட்டியவர் காணாத கால்வாயிற் பின்வந்தோர் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகச் செல்கின்றனர்.

இவற்றைக் கேட்ட பேர்த்தி சாளரத்தின் வழியே மலையை நோக்கினாள். பாட்டனார், "நாம் வாழும் மலையும் அத்தகையதே. குன்னூர்ப் பக்கத்து ஓடைகள் மேட்டுப்பாளையத்தை அடுத்துப் பவானியைச் சேரும். மாயாறும் பவானியிற் கலக்கும். பவானி காவிரியிற் கலந்து வங்கக் கடலை அடையும். கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறோ மேற்கே இறங்கி, சாலியாற்றின் வழியாக அரபிக் கடலை அடையும். ஒரே மலையில் பெய்யும் மழை இருகடலுக்கும் செல்கிறது. இங்குள்ள சோலைக் காடுகளும் புல்வெளிகளும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றன. ஈரோட்டு வயலுக்கு நீர் வருவது இங்குள்ள காட்டின் தயவால். மலையைக் காவாதவன் சமவெளியைக் காவான்" என்றார்.

திருந்திய திட்டம்

அன்று மாலை பேர்த்தி புதிய தாளை எடுத்தாள். முழுக் கால்வாயையும் காண வேண்டும் என்னும் ஆசையை விடுத்து, கர்க்கசோன் நகரிலிருந்து பெசியே நகர் வரையுள்ள பகுதியை மட்டும் தேர்ந்தாள். அதன் நீளம் ஏறத்தாழ 103 கிலோமீட்டர். நீரறைகள் முப்பதுக்குச் சற்று மேல். படகோட்டமும் லாக்குகளும் சேர்ந்து இருபத்தாறு மணி நேரம் ஆகும். எழுநாளிற் பகிர்ந்தால் நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்திற்கும் குறைவு. நௌரூசு மேட்டையும் சேன் பெரெயோல் அணையையும் படகேறுமுன் ஒருநாள் மாமாவின் காரிற் சென்று காண்பது என முடிவு செய்தாள்.

வழியில் காணத்தக்கவற்றை ஒவ்வொன்றாக எழுதினாள். கர்க்கசோனில் பழங்கோட்டை உண்டு. அந்நகரத்தார் முதலிற் கால்வாய்க்குப் பொருளுதவி செய்ய மறுத்தமையால் கால்வாய் நகரை விலகிச் சென்றது. பின்னர் அவர்கள் அதன் பயனை உணர்ந்து தம் ஊருக்குள் வரும்படி புதுவழி அமைத்துக்கொண்டது 1810ஆம் ஆண்டில். அப்பால் அர்ழான்சு என்னும் ஊரிலிருந்து பெசியேயின் அருகு வரை 54 கிலோமீட்டர் தூரம் லாக்கே இல்லாத சமநீர் வழி. அங்கே மல்பா என்னும் குன்றைக் குடைந்து 1679ஆம் ஆண்டளவில் சுரங்கம் அமைத்தனர். உலகில் படகு செல்வதற்காகக் குடையப்பெற்ற முதற் கால்வாய்ச் சுரங்கம் இதுவே என்பர். முடிவில் பொன்செரான் என்னும் இடத்தில் எட்டு நீரறைகள் மாடிப்படிபோல் தொடர்ந்து நிற்கின்றன. இருபது மீட்டருக்கு மேற்பட்ட சரிவை அவற்றாற் கடக்கலாம். அங்கு ஏறும் படகிற்கும் இறங்கும் படகிற்கும் தனித்தனி வேளைகள் வகுத்துள்ளமையால், முன்னரே வேளை அறிந்து செல்லுதல் வேண்டும்.

பின்பு, கைக்கொள்ள வேண்டிய முறைகளை வரிசைப்படுத்தினாள்.

முதலாவது, காலம். குளிர்காலத்தில் பழுதுபார்க்கும் பொருட்டுக் கால்வாயை மூடுவர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை செல்லுதற்கு ஏற்ற காலம். மே முதல் நாளில் தொழிலாளர் திருநாளாதலின் லாக்குகள் இயங்கா. எனவே மே மாதத்தின் நடுவே புறப்படுதல் நலம்.

இரண்டாவது, படகு. பணியாளரும் சமையற்காரரும் உடன்வரும் பெரும்படகும் உண்டு. தாமே ஓட்டும் சிறுபடகும் உண்டு. முன்னதற்குப் பொருட்செலவு மிகுதி. பின்னதை ஓட்ட உரிமச்சீட்டு வேண்டுவதில்லை. படகு கொடுப்போரே செலுத்தும் முறையைக் கற்பிப்பர். உறங்கும் அறையும் சிறு சமையலறையும் படகிலேயே அமைந்திருக்கும்.

மூன்றாவது, உணவு. வழியிலுள்ள சிற்றூர்ச் சந்தைகளிற் காய்கனிகளும் ரொட்டியும் வாங்கலாம். அரிசியும், பருப்புப்பொடியும், புளிக்காய்ச்சலும் இல்லத்திலிருந்து கொண்டுபோதல் தக்கது.

நான்காவது, கால்வாய்க்குச் செய்யும் கடமை. இதனை அவள் சிவப்பு மையால் எழுதினாள். 'கரையிலுள்ள மரத்திற் படகின் கயிற்றைக் கட்டலாகாது.' அதற்குக் காரணம் உண்டு. தென்திசைக் கால்வாயின் இருகரையிலும் நிழல் தரும் பிளேன் மரங்கள் ஏறத்தாழ 42,000 நின்றன. 2006ஆம் ஆண்டு அவற்றில் ஒரு பூஞ்சை நோய் காணப்பட்டது. அந்நோய் நீரின் வழியாகவும், வேர் வழியாகவும், படகு உராய்ந்த காயத்தின் வழியாகவும் பரவுவது. மருந்து இல்லாமையால் பல்லாயிரம் மரங்களை வெட்டி எரித்தனர். அவற்றிற்கு ஈடாக வேறு இன மரங்களை நட்டு வளர்க்கின்றனர். நூறாண்டு நிழல் தந்த மரத்தை ஒரு கயிற்றின் உராய்வு கொன்றுவிடக்கூடும். விருந்தினராகச் செல்வோர் வீட்டுக்காரர்க்குக் கேடு செய்தல் தகுமோ?

இறுதியாக, படகில் ஒவ்வொருவர்க்கும் உரிய பணியைப் பகிர்ந்து எழுதினாள். சுக்கான் பிடிப்பவர் தந்தை. கயிறு வீசுபவர் மாமா. சமையல் தாயும் மாமியும். கரையில் இறங்கிக் கயிற்றை வாங்குபவள் தான். பட்டியலின் தலையில், எல்லாப் பெயர்க்கும் முன்னே, 'தாத்தா – வழிக்கணக்கர். நேரமும் தூரமும் குறிப்பவர்' என்று எழுதியிருந்தாள். நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே செல்லும் படகில், நாற்காலியில் அமர்ந்து வருதற்கு முழங்கால் நோய் ஒரு தடையாகுமோ? தாளைப் படித்த பாட்டனார் கண்ணாடியை மீண்டும் ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

நம் நாட்டுக் கால்வாய்

விமானம் ஏறச் சென்னைக்குச் செல்லுதல் வேண்டும். இடையில் இருநாள் தங்குவது என முடிவாயிற்று. "மாமல்லபுரத்திற்குப் படகிற் சென்று வருவோமா, தாத்தா?" என்று பேர்த்தி வினவினாள். பாட்டனார் சிறிது நேரம் பேசவில்லை.

பின்னர்ச் சொல்லலானார்: "செல்லத்தக்க காலம் ஒன்று இருந்தது. சென்னைக்கு வடக்கே எண்ணூர் நோக்கி 1806ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கிய கால்வாய் சிறிது சிறிதாக நீண்டது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877, 1878ஆம் ஆண்டுகளில், பசியால் வாடிய மக்களுக்குக் கூலி கொடுத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டுவித்தனர். அப்போதைய ஆளுநர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. ஆந்திர நாட்டிலிருந்து மரக்காணம் வரை கடற்கரையை ஒட்டிச் செல்லும் அவ்வழியில் உப்பும், நெல்லும், சவுக்கு விறகும் ஏற்றிய படகுகள் சென்றன. காற்று வாய்த்தபோது பாய் விரிப்பர், இல்லாதபோது கோலூன்றுவர், அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுப்பர். பாவேந்தர் பாரதிதாசன் 1934ஆம் ஆண்டு நண்பர்களுடன் அக்கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் சென்றார். அச்செலவைப் பாட்டாகவும் பாடினார். 'மாவலிபுரச் செலவு' என்பது அப்பாட்டின் பெயர்."

"இப்பொழுது ஏன் செல்ல இயலாது?"

"இரயிலும் லாரியும் வந்தபின் படகின் ஊதியம் குறைந்தது. 1965, 1966, 1976ஆம் ஆண்டுகளில் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. தூர் வாருவார் இலர். நகரத்துக் கழிவுநீரை அதிலேயே விட்டோம். உயர்மட்ட இரயிலின் தூண்களையும் அதிலேயே நட்டோம். 2008ஆம் ஆண்டு அது தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பெற்றது. ஆயினும், அறிவித்த அளவில் கால்வாய் ஓடிவிடுமோ? இத்துணைக்குப் பின்னும் அக்கால்வாய் நம்மை மறக்கவில்லை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபோது, பாய்ந்து வந்த கடல்நீரைத் தன்னுள் வாங்கிக்கொண்டு பல இடங்களில் உயிர்களைக் காத்தது."

"பிரான்சு நாட்டிலும் இரயில் வந்ததல்லவா? அக்கால்வாய் மட்டும் எவ்வாறு பிழைத்தது?"

"அங்கும் சரக்குப் படகுகள் மறைந்தன. ஆயினும், ஊதியம் போனது என்று அவர்கள் கால்வாயைக் கைவிடவில்லை. கதவுகளைச் செப்பனிட்டார்கள், மலைநீரைக் காத்தார்கள், இழந்த மரங்களுக்கு ஈடாக மரம் நட்டார்கள். 1996ஆம் ஆண்டு அஃது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நம் மலை இரயிலும் 2005இல் அச்சிறப்பைப் பெற்றது. அது தானே பிழைத்ததன்று. பழைய பொறிகள் தேய்ந்தபோது பொன்மலைத் தொழிற்சாலையிலே புதிய நீராவிப் பொறிகளைச் செய்தளித்தனர். நாள்தோறும் தண்டவாளப் பற்களைச் சோதித்து நடப்போர் உளர். காப்பார் உள்ள வழி வாழும். காப்பார் இல்லாத வழி அழியும்."

பேர்த்தி நெடுநேரம் எண்ணியிருந்தாள். பின்பு, திட்டத்தின் முதற்பக்கத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்தாள். 'முதல் நாள்: லவ்டேலிலிருந்து மலை இரயிலில் மேட்டுப்பாளையம். மூன்றாம் நாள்: சென்னையில், கரைமேல் நின்று பக்கிங்காம் கால்வாயைக் காணுதல்.'

"படகு செல்லாத கால்வாயைக் காண்பதால் யாது பயன்?" என்று அவள் தாய் கேட்டாள்.

"காத்த கால்வாயைக் காணுமுன் காவாத கால்வாயைக் காண வேண்டும், அம்மா. அப்பொழுதுதான் அங்கே எதைக் கற்று வர வேண்டும் என்பது விளங்கும்" என்றாள் அவள்.

நல்ல செலவு என்பது பல இடங்களைப் பார்த்து மீள்வது மட்டும் அன்று. வழியை அமைத்தோரின் உழைப்பை நினைத்தல், அவ்வழிக்கு ஊறு செய்யாதிருத்தல், உடன் வருவோருள் மெலிந்தோரின் நடைக்குத் தன் நடையை அடக்கிக்கொள்ளுதல், மீண்டு வந்தபின் தன் ஊருக்குப் பயன்படுவதொன்றைக் கொணர்தல் ஆகிய நான்கும் அதன் உறுப்புகளாம். இவற்றை உணர்ந்து புறப்படுவோர்க்குச் செலவும் ஒரு வரவேயாகும்.

வினாக்கள்

1. 'செலவு' என்னும் சொல்லின் இருபொருளையும், அவற்றிடையே உள்ள ஒற்றுமையையும் எழுதுக.
2. மாணவியின் முதல் திட்டம் நிறைவேறத்தக்கதன்று என்பதைக் கணக்கிட்டுக் காட்டுக.
3. லாக்கின் வழியாகப் படகு மேடேறும் முறையைப் படம் வரைந்து விளக்குக.
4. நௌரூசு மேட்டிற்கும் நீலகிரி மலைக்கும் உள்ள ஒப்புமை யாது?
5. உங்கள் ஊரிலுள்ள ஓடை, ஏரி, கால்வாய் ஆகியவற்றுள் ஒன்று முன்பு இருந்த நிலையை முதியோரிடம் கேட்டறிந்து, இன்றைய நிலையொடு ஒப்பிட்டு ஒருபக்க அளவில் எழுதுக.